யூதாசின் காதும் இறந்தோரின் சிறகும்

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில், இறைவன் தாம் உருவாக்கிய விலங்குகளையும் வானத்துப் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவந்து, அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். மறையுரையாளர்கள் பெரும்பாலும் இக்காட்சியை மனிதனின் மேன்மைக்குச் சான்றாகவே எடுத்துரைப்பர். ஆனால் அதனுள் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கிறது. பெயரிடுபவன் பொருளை மட்டும் அடையாளப்படுத்துவதில்லை; தன் உள்ளத்தையும் வெளிப்படுத்திவிடுகிறான். அவன் வைத்த பெயர் அவனுக்குப் பின்னும் நூற்றாண்டுகள் நின்று நிலைத்து, பின்வருவோரின் எண்ணத்தை நெறிப்படுத்துகிறது. சில வேளைகளில் நெறி தவறவும் வைக்கிறது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் உயிர்கள் இரண்டு. ஒன்று, பட்டுப்போன மரக்கிளைகளில் வாழும் ஒரு காளான். ஐரோப்பியக் கிறித்தவர்கள் அதற்கு ‘யூதாசின் காது’ என்று பெயர் சூட்டினர். மற்றொன்று, வட அமெரிக்காவில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சி. மெக்சிகோ நாட்டு மலைவாழ் கிறித்தவர்கள் அதனை இறந்தோரின் ஆன்மா என்று போற்றினர். இவ்விரண்டு உயிர்களுக்கும் இடையே உறவு ஏதும் இல்லை. ஆயினும் இரண்டுமே சாவை நினைத்துக் கலங்கிய மனிதரின் கண்களால் பார்க்கப்பட்டவை. ஒன்றுக்கு இழிவும் மற்றொன்றுக்குப் பெருமையும் வந்து சேர்ந்தன. அந்த இழிவும் பெருமையும் பின்னர் என்ன ஆயின என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

எல்டர் மரத்தின் காளான்

ஐரோப்பாவின் வேலியோரங்களில் எல்டர் என்னும் குறுமரம் வளர்கிறது. கோடையின் தொடக்கத்தில் வெண்ணிறப் பூங்கொத்துகளும், பின்னர் கருநிறச் சிறுகனிகளும் தரும் எளிய மரம் அது. அதன் பட்ட கிளைகளில், ஈரம் மிகுந்த காலத்தில், மனிதக் காதின் வடிவில் செம்பழுப்பு நிறக் காளான்கள் தோன்றுகின்றன. புறத்தே மெல்லிய மயிர் படர்ந்திருக்கும்; அகத்தே நரம்போடியது போன்ற மடிப்புகள் இருக்கும்; தொட்டால் குளிர்ந்து மென்மையாக இருக்கும். வெயில் வந்தால் சுருங்கிக் கருத்து ஓடுபோல் இறுகிவிடும். மீண்டும் மழை பெய்தால் நீரை உறிஞ்சி, முன்போலவே விரிந்து, தன் வித்துத்துகள்களைப் பரப்பத் தொடங்கும்.

இந்தக் காளானுக்கு யூதாசு இஸ்காரியோத்தின் பெயர் எவ்வாறு வந்தது? மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரம், யூதாசு மனம் வருந்தி, முப்பது வெள்ளிக்காசுகளையும் கோவிலில் எறிந்துவிட்டுச் சென்று தூக்குப்போட்டுக்கொண்டான் என்று கூறுகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரமோ, அவன் தலைகீழாய் விழுந்து உடல் வெடித்து மாண்டதாகச் சொல்கிறது. எந்த மரத்தில் தூக்குப்போட்டுக்கொண்டான் என்பதை விவிலியம் எங்குமே கூறவில்லை. விவிலியம் மௌனம் காத்த இடத்தை மக்களின் கற்பனை நிரப்பிக்கொண்டது. சிலர் அத்தி மரம் என்றனர். தென் ஐரோப்பாவில், இலை விடுமுன் கிளையெல்லாம் இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் ஒரு மரத்துக்கு ‘யூதாசு மரம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. ‘யூதேயா நாட்டு மரம்’ என்பதே அவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். இங்கிலாந்திலோ பழி எல்டர் மரத்தின்மீது விழுந்தது. 14ஆம் நூற்றாண்டில் மாண்டவில் என்பவரின் பெயரில் வழங்கிய பயண நூல், யூதாசு தூங்கிய எல்டர் மரத்தை எருசலேமருகே கண்டதாகவே கூறியது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்துக் கவிஞர் லாங்லண்டும், பின்னர் நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரும் இந்தக் கதையைத் தம் நூல்களில் எடுத்தாண்டனர்.

மரம் யூதாசின் மரமானபின், அதில் முளைத்த காது வடிவக் காளான் யூதாசின் காதானதில் வியப்பில்லை. மூலிகை நூலார் அதனை இலத்தீனில் ‘ஆரிக்குலா யூதே’ என்று குறித்தனர். பெயர் இழிவானதாக இருந்தாலும் மருத்துவர்கள் அதனை ஒதுக்கிவிடவில்லை. 1597இல் தம் புகழ்பெற்ற மூலிகை நூலை வெளியிட்ட ஜான் ஜெரார்டு, இதனைப் பாலில் வேகவைத்தோ பீரில் ஊறவைத்தோ தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். காட்டிக்கொடுத்தவனின் பெயரைத் தாங்கிய காளான், அக்காலத்து நோயாளியின் தொண்டையை ஆற்ற வந்த மருந்தாகவும் இருந்தது.

அறிவியலார் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோதும் இந்தப் பெயர் மறையவில்லை. 1753இல் லின்னேயசு ‘காது’ என்னும் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார். 1789இல் பிரெஞ்சு அறிஞர் புய்யார் யூதாசின் பெயரையும் அதனோடு சேர்த்தார். இன்றும் உலக அறிவியல் நூல்களில் அக்காளானின் பெயர் ‘ஆரிக்குலேரியா ஆரிக்குலா-யூதே’ என்பதே.

ஒரு மனிதனின் பழி ஒரு மக்களினத்தின்மீது

இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை ஒரு நாட்டுப்புறக் கதை என்று கடந்து சென்றுவிடலாம். ஆனால் ஆங்கில வழக்கில் இந்தப் பெயர் மேலும் ஒரு படி திரிந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே ‘யூதாசின் காது’ என்பது ‘யூதனின் காது’ ஆயிற்று. இரண்டு எழுத்துகளின் மாற்றம்தானே என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அந்த மாற்றத்தின் வழியாக, ஒரு தனிமனிதனின் பாவம் அவன் பிறந்த இனம் முழுவதன் அடையாளமாகிவிட்டது. காட்டிக்கொடுத்தவன் யூதன்தான், ஆனால் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் யூதரே. அவருடைய அன்னை மரியாவும், மற்றப் பதினொரு திருத்தூதர்களும், கல்லறைக்கு முதலில் ஓடிய மகதலா மரியாவும் யூதர்களே. அவர்கள் பெயரால் அழகான மலர் ஒன்றை ‘யூதரின் மலர்’ என்று அழைக்க ஐரோப்பியக் கிறித்தவ உலகுக்குத் தோன்றவில்லை.

ஒரு காளானின் பெயரால் எவரும் கொல்லப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் வெறுப்பு என்பது பெரிய நூல்களில் மட்டும் வளர்வதன்று. வேலியோரத்துக் காளானுக்கு இட்ட பெயரிலும், குழந்தைகள் பாடும் பாட்டிலும், வழிபாட்டில் வழிவழி வந்த ஒரு சொல்லிலும் அது ஊறிக் கிடக்கும். புனித வெள்ளியன்று யூதருக்காகச் சொல்லப்பட்ட மன்றாட்டில், அவர்களை நம்பிக்கையற்றவர் எனக் குறிக்கும் கடுஞ்சொல் ஒன்று பல நூற்றாண்டுகள் இருந்துவந்தது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல் அச்சொல்லை நீக்கினார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, கிறித்தவமல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கை, கிறித்துவின் பாடுகளில் நிகழ்ந்தவற்றுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றிச் சுமத்தலாகாது, இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று தெளிவாக அறிவித்தது. அதற்குள் ஐரோப்பாவின் யூதருள் அறுபது இலட்சம் பேர் நாசிகளின் கையால் மாண்டுவிட்டிருந்தனர்.

ஆங்கில நாட்டுக் காளான் அறிஞர்கள் இன்று அந்தப் பழைய பெயரை விடுத்து, ‘கூழ்க் காது’ என்னும் பொருள்படும் பெயரையே பொது வழக்குக்குப் பரிந்துரைக்கின்றனர். சிறு திருத்தம்தான், ஆயினும் அதனை நாம் வரவேற்கிறோம்.

நவம்பரில் வரும் விருந்தினர்

இனி அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரைக்குச் செல்வோம். மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே, மிச்சோவகான் மாநிலத்திலும் மெக்சிகோ மாநிலத்திலும் படர்ந்துள்ள மலைகளில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், ஓயாமெல் என்னும் ஊசியிலை மரக் காடுகள் உள்ளன. அந்த மரத்தின் இலத்தீன் பெயரின் பொருள் ‘சமயத்துக்குரிய மரம்’ என்பது. திருவிழாக் காலங்களில் அதன் கிளைகளைக் கொண்டு ஆலயங்களை அணிசெய்வது அந்நாட்டு மக்களின் வழக்கம். அதனாலேயே அப்பெயர் வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத் தொடக்கத்தில், வடக்கிலிருந்து செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் இலட்சக்கணக்கில் அம்மலைகளை வந்தடைகின்றன. ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் ‘மானார்க்’, அதாவது மன்னன். அது வரும் நாள்களிலேயே திருச்சபையில் புனிதர் அனைவர் பெருவிழாவும் இறந்தோர் அனைவரின் நினைவு நாளும் வருகின்றன. குளூனித் துறவுமடத்தின் தலைவர் புனித ஓதிலோ 998ஆம் ஆண்டளவில் தம் மடங்களில் தொடங்கிவைத்த நவம்பர் 2ஆம் நாள் நினைவு, எசுப்பானியத் துறவியரோடு மெக்சிகோவை அடைந்தது. அங்கே அது வேறொரு பழைய நம்பிக்கையைச் சந்தித்தது. 1529இல் மெக்சிகோ வந்து, அந்நாட்டு மக்களின் மொழியைக் கற்று, அவர்களின் மரபுகளை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்டினோ தெ சகாகூன், போரில் மாண்ட வீரர்கள் கதிரவனோடு நான்கு ஆண்டுகள் உடன்சென்று, பின்னர்ப் பறவைகளாகவும் வண்ணத்துப்பூச்சிகளாகவும் மாறி வருவர் என்று அம்மக்கள் நம்பியதைப் பதிவு செய்துள்ளார்.

இந்த இரு ஓடைகளும் கலந்ததால், மலைவாழ் புரெபெச்சா, மசாவா மக்களிடையே, நவம்பரில் வரும் வண்ணத்துப்பூச்சிகள் தம் குடும்பத்தில் இறந்தவர்களின் ஆன்மாக்களே என்னும் எண்ணம் வேர்கொண்டது. அவர்கள் கல்லறைகளை மலர்களாலும் மெழுகுதிரிகளாலும் அணிசெய்து காத்திருக்கின்றனர். அவர்கள் அள்ளித் தூவும் செம்மஞ்சள் மலர் எது தெரியுமா? நம் ஊர்ச் சந்தைகளில் மாலை மாலையாகத் தொங்கும் செண்டுமல்லியே. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அந்த மலர் பின்னாளில் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. கல்லறைத் திருநாளன்று நாம் செண்டுமல்லி சூட்டும்போது, அந்த மலைவாழ் மக்களின் கைகளிலும் அதே மலர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

கிரேக்க மொழியில் ஆன்மாவைக் குறிக்கும் ‘பிசிக்கே’ என்னும் சொல் வண்ணத்துப்பூச்சியையும் குறிக்கும். நற்செய்தியாளர்கள் ஆன்மாவுக்கு வழங்கிய சொல்லும் அதுவே. அவிலா நகர்ப் புனித தெரேசா, ஆன்மாவை ஒரு கோட்டையாக உருவகித்து 1577இல் எழுதிய நூலில், பட்டுப்புழு தன் கூட்டுக்குள் மடிந்து வெண்ணிறச் சிறகோடு வெளிவருவதை, இறைவனில் புதுப்பிறப்படையும் ஆன்மாவுக்கு ஒப்பிட்டார். ஆகவே வண்ணத்துப்பூச்சியை ஆன்மாவோடு இணைத்தது ஒரு மலைநாட்டின் வழக்கம் மட்டுமன்று. தொன்மையான, பரந்த மரபு அது.

அறிஞர் தேடியதும் ஊரார் அறிந்ததும்

கனடா நாட்டு விலங்கியல் அறிஞர் பிரெட் உர்குவார்ட்டும் அவர் மனைவி நோராவும் ஒரு கேள்விக்கு விடை தேடிப் பல்லாண்டுகள் உழைத்தனர். கோடையில் கனடாவிலும் வட அமெரிக்காவிலும் நிறைந்திருக்கும் இந்த வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? அரை கிராம் எடையுள்ள பூச்சியின் சிறகில் ஒட்டக்கூடிய சிறு அடையாளச் சீட்டை அவர்கள் உருவாக்கினர். தன்னார்வலர்கள் நாடெங்கும் அவற்றை ஒட்டிப் பறக்கவிட்டனர். அவர்களுக்கு உதவ முன்வந்த கென் பிரக்கரும் கத்தலீனா அகுவாதோவும் 1975 சனவரித் தொடக்கத்தில் மிச்சோவகான் மலையில், மரத்தின் உருவே தெரியாதபடி வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்திருந்த காட்டைக் கண்டனர். அடுத்த ஆண்டு உர்குவார்ட்டு தாமே அங்குச் சென்றபோது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீட்டு ஒட்டப்பட்ட பூச்சி ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1976 ஆகத்து மாத ‘நேசனல் ஜியாகிரபிக்’ இதழின் வழியாக உலகம் அந்தச் செய்தியை அறிந்தது.

உலகம் அதனைக் ‘கண்டுபிடிப்பு’ என்றது. ஆனால் மலையடிவாரத்து ஊரார்க்கு அது புதிதன்று. தம் பாட்டன் காலத்திலிருந்தே அவர்கள் அதனை அறிவர். அவர்கள் அறியாதது, அந்த விருந்தினர் எங்கிருந்து வருகின்றனர் என்பதே. அறிஞர்கள் அறியாதது, அவர்கள் எங்கே போகின்றனர் என்பது. இரு தரப்பாரின் அறிவும் ஒன்றுகூடியபோதே முழு உண்மை தெரிந்தது.

அந்த முழு உண்மை கற்பனையையும் விஞ்சியது. இலையுதிர் காலத்தில் வடக்கே பிறக்கும் தலைமுறை, நாலாயிரம் கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோ மலையை அடைந்து, குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வடக்கு நோக்கித் திரும்பும் வழியில் முட்டையிட்டு மடிகிறது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சில வாரங்களே வாழ்ந்து மேலும் மேலும் வடக்கே செல்கின்றன. அடுத்த இலையுதிர் காலத்தில் அதே மலைக்கு வருபவை முன்னர் வந்தவற்றின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். அவற்றுள் ஒன்றேனும் அந்த மலையை முன்பு கண்டதில்லை. வழிகாட்ட மூத்தவை எவையும் உயிரோடு இல்லை. எனினும் வந்துசேர்கின்றன. மூதாதையர் திரும்பி வருகின்றனர் என்று ஊரார் சொன்னது அறிவியலுக்குப் பொருந்தாது. ஆனால் மாண்டவர்கள் விட்டுச்சென்ற வழியில் பிள்ளைகள் தவறாது நடக்கின்றனர் என்பதை அறிவியலே உறுதிப்படுத்துகிறது.

போற்றப்பட்டதன் துயரம்

இத்தகைய பெருமை பெற்ற உயிரைக் காப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். மெக்சிகோ அரசு 1986இல் அக்காடுகளைக் காப்பிடமாக அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் அதன் பரப்பை 56 ஆயிரம் எக்டேருக்கு மேலாக விரிவுபடுத்தியது. 2008இல் யுனெசுகோ அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆயினும் வண்ணத்துப்பூச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. ஆகவே அவை அடர்ந்து மொய்த்திருக்கும் காட்டின் பரப்பை அளக்கின்றனர். 1996-97 குளிர்காலத்தில் அது 18 எக்டேருக்குச் சற்று மேல். 2013-14இல் 0.67 எக்டேர் மட்டுமே. 2023-24இல் 0.90 எக்டேர், அடுத்த ஆண்டு சற்றே தேறி 1.79 எக்டேர் ஆயிற்று.

காரணங்கள் பல. நம் ஊர் எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி இந்த மன்னனுக்கு நெருங்கிய உறவு. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பாற்செடிகளே மன்னனின் புழுவுக்கும் உணவு. அமெரிக்காவின் சோள, சோயா வயல்களில் களைக்கொல்லி தாராளமாகத் தெளிக்கப்பட்டபின் அச்செடிகள் பெருமளவு அழிந்தன. மெக்சிகோவிலோ காட்டு மரங்கள் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டன. அடர்ந்த காடு அந்தப் பூச்சிகளுக்குப் போர்வையாகவும் குடையாகவும் இருக்கிறது. மரங்கள் குறைந்தால் மழை நனைக்கிறது. நனைந்த சிறகு உறைபனியில் விறைக்கிறது. 2002 சனவரியில் அடித்த புயலுக்குப்பின் காட்டின் தரையில் கோடிக்கணக்கான பூச்சிகள் மடிந்து கிடந்தன.

காட்டைக் காக்க முன்வந்தவர்களும் விலை கொடுத்தனர். செபமாலை என்னும் பொருள்படும் எல் ரொசாரியோ என்ற இடத்துக் காப்பகத்தை நடத்திவந்த ஒமேரோ கோமெஸ் கொன்சாலெஸ், முன்னர் மரம் வெட்டும் தொழிலில் இருந்து, பின்னர் மனம் மாறி, மரம் வெட்டுவதை எதிர்த்து நின்றவர். 2020 சனவரியில் அவர் காணாமற்போனார். இரு வாரங்களுக்குப்பின் அவருடைய உடல் கிடைத்தது. இறந்தோரின் ஆன்மா என்று போற்றப்பட்ட பூச்சியைக் காத்தவரே இறந்தோர் வரிசையில் சேர்ந்தார். போற்றுதல் மட்டும் எந்த உயிரையும் காப்பதில்லை என்னும் கசப்பான பாடத்தை இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

இகழப்பட்டதன் தொண்டு

இதற்கு மாறாக, இகழப்பட்ட காளானின் குடும்பம் அமைதியாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. சீன மக்களுக்கு யூதாசின் கதை தெரியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த தம் நாட்டுக் காளானை அவர்கள் ‘மரத்தின் காது’ என்று மட்டும் அழைத்தனர். பல நூற்றாண்டுகளாகப் பயிரிட்டு உண்டுவருகின்றனர். நம் நாட்டிலும் மணிப்பூர், மிசோரம் முதலிய வடகிழக்கு மாநிலங்களின் மக்கள் இவ்வகைக் காளான்களைக் காட்டிலிருந்து கொணர்ந்து சமைக்கின்றனர்.

இக்குடும்பத்தின் வரலாற்றில் நியூசிலாந்து நாட்டின் அத்தியாயம் நம் மனத்தைத் தொடுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாரனாக்கி என்னும் பகுதியில் குடியேறிய ஏழை வெள்ளையர்கள் காட்டை வெட்டிப் பண்ணை அமைக்க முயன்றனர். வெட்டிய மரங்கள் எரிந்தும் எரியாமலும் கிடந்து இற்றுப்போயின. பணம் வரும் வழி எதுவும் இல்லை. 1870இல் அங்கு வந்த சூ சாங் என்னும் சீன வணிகர், அந்த இற்ற மரங்களில் தம் நாட்டு உணவான மரக்காது முளைத்திருப்பதைக் கண்டார். அதனைப் பறித்து உலர்த்திக் கொண்டுவந்தால் ரொக்கப் பணம் தருவதாக அறிவித்தார். பெண்களும் சிறுவரும் மூட்டை மூட்டையாகக் கொணர்ந்தனர். உழவர் பலர் நிலவரி கட்டியதும், கடையில் மளிகை வாங்கியதும் அந்தப் பணத்தில்தான். ‘தாரனாக்கிக் கம்பளி’ என்று வேடிக்கையாக அதற்குப் பெயரிட்டனர். சூ சாங் 1887இல் எல்தம் என்னும் ஊரில் வெண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கி, அப்பகுதியின் பால்பண்ணைத் தொழிலுக்கும் வழிவகுத்தார், 1920இல் காலமானார்.

அதே நாட்டின் நாடாளுமன்றம் 1881இல், நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனர்மீதும் 10 பவுன் தலைவரி விதித்தது. 1896இல் அது 100 பவுனாக உயர்ந்தது. சீனர் என்றால் நோயும் தீயொழுக்கமும் கொண்டுவருபவர் என்னும் பேச்சு எங்கும் இருந்தது. 1944இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 2002இல் நியூசிலாந்து அரசு வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. இகழப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவர், மதிப்பற்றது என்று கருதப்பட்ட ஒரு காளானைக் கொண்டு, தம்மை இகழ்ந்த சமூகத்தின் வறுமையைத் தணித்தார்.

ஒரே பணியின் இரு முகங்கள்

வண்ணத்துப்பூச்சியை உயிர்ப்பின் அடையாளமாகக் காண நமக்குக் கண் இருக்கிறது. புழு கூட்டுக்குள் புகுந்து சிறகோடு வெளிவருவதைக் காணும்போது உள்ளம் தானாகவே விண்ணை நோக்குகிறது. ஆனால் காளானைக் கண்டால் நாம் அழுகலைத்தான் காண்கிறோம். அது செய்யும் வேலை என்ன? மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் கடினப் பொருளைக் கரைக்கும் ஆற்றல் உலகில் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. அவற்றுள் தலையாயவை மரக்காளான்களே. அவை இல்லாவிட்டால், விழுந்த மரமெல்லாம் மண்ணாகாது மலைபோல் குவிந்துகிடக்கும். புதிய விதைக்கு இடமும் இராது, ஊட்டமும் இராது. வண்ணத்துப்பூச்சிக்குப் போர்வையாகும் ஓயாமெல் காட்டிலும், மடிந்த மரத்தை இளங்கன்றுக்கு உணவாக்குபவை இத்தகைய காளான்களே.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தாலொழிய மிகுந்த விளைச்சல் இல்லை என்னும் கருத்தை ஆண்டவர் நமக்குத் தந்தார். மணி மடிந்தபின் எழும் கதிரையே நாம் பாடுகிறோம். மண்ணுக்குள் இருளில் நடக்கும் வேலையை நாம் பாடுவதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், பெரிய விலங்குகளும் பறவைகளும் அழிவதைக் கண்டு வருந்தும் நாம், பூஞ்சைகள், பாசிகள், புழுக்கள், பூச்சிகள் ஆகியவை இன்றி இயற்கை இயங்காது என்பதை மறக்கலாகாது என்று அதன் 34ஆம் பத்தியில் நினைவூட்டியது. காளானையும் பூச்சியையும் திருச்சபை ஒரே வரிசையில் வைத்துப் பேசியதை நாம் கவனிக்க வேண்டும்.

வெசெலே ஆலயத்தின் தூண்

இனி யூதாசையே நோக்குவோம். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், வெசெலே என்னும் குன்றின்மேல், புனித மகதலா மரியாவின் பெயரால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பேராலயம் நிற்கிறது. அதன் தூண் ஒன்றின் தலைப்பகுதியில் ஒருபுறம் யூதாசு தூங்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கண் பிதுங்கி, நாக்கு வெளியே தள்ளிய உருவம். மறுபுறத்தில் ஒருவர் அந்த உடலைத் தம் தோள்மேல் சுமந்து செல்கிறார். யார் அவர்? அடக்கம் செய்ய எடுத்துச்செல்லும் யாரோ ஒருவர் என்பாரும் உண்டு. ஆனால் காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல ஆயனே அவர் என்று பார்த்தவர்களும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் உரோமை மறைமாவட்டத்தாரிடம் பேசியபோது அந்தச் சிற்பத்தை இவ்வாறே விளக்கினார். அவருக்கு முன்பே, 1958ஆம் ஆண்டு புனித வியாழனன்று, இத்தாலிய நாட்டுப் பங்குத்தந்தை பிரீமோ மட்சொலாரி தம் மறையுரையில் யூதாசை ‘நம் சகோதரர்’ என்று அழைத்துக் கேட்டோரைத் திகைக்க வைத்தார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்டும் 2006இல் தம் பொது மறைக்கல்வி உரையில், யூதாசின் செயலைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று, அது எல்லையற்ற இரக்கமும் நீதியும் உடைய இறைவனுக்குரியது என்று எடுத்துரைத்தார்.

யூதாசின் பாவம் சிறியது என்று இவர்களுள் எவரும் சொல்லவில்லை. அவன் முடிவை நாம் அறிவோம் என்று எண்ணுவதே தவறு என்றனர். திருச்சபை எண்ணற்றோரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. பெயர் சொல்லி ஒருவரையேனும் நரகத்தில் இருப்பதாக அறிவித்ததில்லை, யூதாசு உட்பட.

திருப்பாடுகளின் வரலாற்றில் ஒரு காதைப் பற்றிய பேச்சு வருகிறது. அது யூதாசின் காதன்று. ஒலிவ மலையில், ஆண்டவரைக் கைது செய்ய வந்த தலைமைக் குருவின் பணியாளனின் காது அது. சீடர் ஒருவர் வாளை உருவி அதனை வெட்டிவிட, ஆண்டவர் அதனைத் தொட்டு நலமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். யூதாசு முத்தமிட வந்த அதே இடத்தில், அதே இரவில் அது நிகழ்ந்தது. கைதாகும் வேளையிலும் பகைவனின் காதைக் குணமாக்கிய அந்தக் கைகளை நினைத்திருந்தால், ஐரோப்பிய முன்னோர் அந்தக் காளானுக்கு வேறு பெயர் வைத்திருக்கக்கூடும்.

நவம்பர் மாதத்தில் நாம் கல்லறைகளுக்குச் செல்கிறோம். நம் அன்புக்குரியவர்களின் கல்லறையில் மலர் வைக்கிறோம். அவர்களை வண்ணத்துப்பூச்சியாய், வானத்து ஒளியாய் எண்ண நமக்கு எளிது. அதே கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், எவரும் மெழுகுதிரி ஏற்றாத சில மேடுகள் இருக்கும். தற்கொலை செய்துகொண்டவர்கள், குடியால் அழிந்தவர்கள், குடும்பத்துக்கு அவமானம் என்று ஊரார் சொன்னவர்கள் அங்கே உறங்குகின்றனர். அவர்களுக்கும் நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரால்தான் அவர்களின் பிள்ளைகளையும் அடையாளம் காட்டுகிறோம். நவம்பர் 2ஆம் நாள் ‘இறந்தோர் அனைவர்’ நினைவு என்றே வழங்கப்படுகிறது. நல்லவராய் இறந்தோர் நினைவு என்று திருச்சபை அதனைச் சுருக்கவில்லை. அடுத்த முறை கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும்போது, அந்த ஓரத்து மேடுகளிலும் ஒரு கைப்பிடிச் செண்டுமல்லியை வைப்போம்.